ஃபிளாஷ் இல்லாத முகூர்த்தம்

இந்தச் சம்பவத்துக்கு முன்பு எனக்கிருந்த தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னைக் கத்துக்குட்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் இயற்பியல் பட்டதாரி. கொல்கத்தாவில் ஓர் ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, அப்பிரிவின் தலைவராக ஓய்வு பெற்றவன். சுவடிகள், வரைபடங்கள், நீர்வண்ண ஓவியங்கள் ஆகியவற்றைப் படமெடுப்பது என் வேலை. அங்கே ஃபிளாஷ் தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே பணிக்காலம் முழுவதும் நான் ஒரு முறைகூட ஃபிளாஷ் அடித்தவன் அல்ல. மங்கிய வெளிச்சத்தில் படமெடுப்பது எப்படி என்று இந்நகரத் தமிழர்களில் யாருக்கேனும் ஐயம் எழுந்தால் என்னிடம்தான் வந்தார்கள். இது தற்பெருமை அல்ல, தகவல்.

நியூ டவுனில் ஐந்து நாள் கணினிக்கும் இரண்டு நாள் கேமராவுக்கும் உழைக்கும் நீங்கள், உங்கள் வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்த நாள் முதல் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்: “சார், லோ லைட்டுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?” பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. காப்பகத்தில் எனக்கு மேலே இருந்த வங்காளிப் பெரியவர், எந்தப் பொருளைக் கொண்டுபோய் வைத்தாலும் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் “ஆலோ கோதாய்?” என்றுதான் கேட்பார். வெளிச்சம் எங்கே என்று பொருள். எவ்வளவு வெளிச்சம் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், இருப்பது போதும். தெரியாவிட்டால் எத்தனை விலையுள்ள லென்ஸும் போதாது. நீங்கள் கேட்பதெல்லாம் லென்ஸைப் பற்றித்தான்.

சென்ற தை மாதம் பெஹாலாவில் நடந்த ஒரு திருமணத்தைப் பற்றிக் குழுவில் நிறையப் பேசிவிட்டீர்கள். நடந்தது நடந்தபடி இது.

பெண்ணின் தகப்பனார் வங்கி அதிகாரியாக இருந்தவர், என் தெருவாசி. அவரை மூர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தலையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு, விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் கண்ணில் பட்டால் அவருக்கு வலிப்பு வந்துவிடும். துர்கா பூஜைப் பந்தலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த அலங்கார விளக்குகளைப் பார்த்து ஒரு முறை நடைபாதையிலேயே விழுந்திருக்கிறார். மகள் நித்யா ஒரு வங்காளிப் பையனைத் திருமணம் செய்துகொள்கிறாள். காலையில் நம் முறைப்படி தாலி. அவர்கள் முறைப்படியான சடங்குகள் வேறொரு நாள். நம் முறையில் மணப்பெண் தகப்பனார் மடியில் அமர, மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவார். ஆகவே, எல்லாக் கேமராக்களும் திரும்பும் அந்த நிமிடத்தில், அத்தனைக்கும் நேர் எதிரே மூர்த்தி உட்கார்ந்திருப்பார். மடியில் மகள் இருப்பாள்.

டாக்டரும் உறவினர்களும் சொன்ன யோசனை, அவருக்குப் பதிலாகச் சித்தப்பா உட்காரட்டும் என்பது. தகப்பனாரும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். மூர்த்தி பேசத் தயங்கினார். நித்யா பேசினாள். பெஹாலாவில் பிறந்து வளர்ந்த பெண். அண்டை வீட்டுக்காரனான என்னை வங்காளிப் பழக்கத்தில் ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்றுதான் கூப்பிடுவாள்.

“ஜேட்டு, சித்தப்பா மடியில எல்லாம் நான் உக்கார மாட்டேன். ஒரு ஃபிளாஷ்கூட அடிக்காதுன்னு நீங்க சொன்னா அப்பா உக்காருவா. நீங்க முடியாதுன்னா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்.”

மூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு, “மூணே நிமிஷம் சார். அதுக்கு மேல கேக்கலை,” என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். ஃபிளாஷ் இல்லாமல் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு இது ஒரு பொருட்டா என்று சொன்னதாகவும் நினைவு.

முதல் தவறு அதுவே. சுவடி நகராது. இதை நான் யோசிக்கவில்லை.

உதவிக்கு உங்கள் குழுவிலிருந்து கார்த்திக் வந்தார். வயது முப்பது, அலுவலகத்தில் ஒரு குழுவுக்குத் தலைவர், என்னிடம் மட்டும் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. முதல் நாள் மாலை, மாப்பிள்ளை அழைப்பின்போது இருவரும் மண்டபத்தில் சோதித்துப் பார்த்தோம். வங்காளிகள் ‘பியே பாடி’ என்று வாடகைக்கு விடுகிற கல்யாண வீடு அது. நான் காப்பக வழக்கப்படி கேமராவை முக்காலியில் பொருத்தி, விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்து எடுத்தேன். குத்துவிளக்கு, தேங்காய்த் தட்டு, தாம்பாளத்தின் விளிம்பு எல்லாம் கல்லில் வெட்டியதுபோல் விழுந்திருந்தன. மனிதர்கள் மட்டும் புகை.

கார்த்திக் எட்டிப் பார்த்தார். “சார், உங்க படத்துல தேங்காய் மட்டும்தான் கல்யாணத்துக்கு வந்திருக்கு.”

அவர் படங்களை வாங்கிப் பார்த்தேன். ஆடாமல் இருக்க வேண்டும் என்று ஐந்நூறில் ஒரு பங்கில் எடுத்திருந்தார். முகங்கள் கூர்மை; ஆனால் ஒவ்வொரு படத்திலும் குறுக்கே கரும்பட்டைகள். மலிவான எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தின் ஓட்டத்தோடு அணைந்து அணைந்து எரிபவை. கண்ணுக்குத் தெரியாது, வேகமான கேமராவுக்குத் தெரியும்.

“உன் படத்துல எல்லாரும் ஜெயில் கம்பிக்குள்ள நிக்கறாங்க,” என்றேன்.

பத்து நிமிடம் வீணாகச் சண்டை போட்ட பிறகு, இருவர் செய்ததும் தவறு என்பது விளங்கியது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று. ஐம்பதில் ஒரு பங்கில் எடுத்தால் பட்டை விழாது. மனிதர்கள் சிறிது நிதானமாக இருந்தால் புகையும் ஆகாது. இயற்பியல் படித்தவன் இதை ஒரு நொடியில் சொல்லியிருக்க வேண்டும். பழக்கம் என்பது படிப்பை மறைத்துவிடுகிறது. கையிலிருந்ததும் பெரிய கருவி அல்ல. ஒருவர் பயன்படுத்தி விற்ற பழைய கேமராவும், ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்களில் ஆகக் குறைந்த விலையுள்ள ஒன்றும்தான்.

இனி, வெளிச்சம் எங்கே என்ற கேள்வி. பெண்ணும் தகப்பனாரும் கிழக்கு நோக்கி அமர்வார்கள். மண்டபத்தின் கிழக்குச் சுவரில் மூன்று பெரிய ஜன்னல்கள் இருந்தன. முகூர்த்தம் காலை எட்டு மணிக்கு. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த மூன்றையும் அலங்காரக்காரர் நிமாய் ரோஜா நிறத் துணியால் மூடியிருந்தார். அதை அகற்றச் சொன்னேன். ஜன்னலுக்குக் கீழே சுவர் பெயர்ந்திருக்கிறது, துணியை எடுத்தால் தன் பெயர்தான் கெடும் என்று அவர் வாதாடினார். என் பெயரும் கெடக் கூடாதே என்றேன் நான். முடிவில், ஜன்னலைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே மட்டும் துணி நிற்பது என்று உடன்பாடாயிற்று. மணமேடைக்கு முன்னால் தரையில் இரண்டு வெள்ளை எட்டு முழ வேட்டிகளை விரிக்கச் செய்தேன். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகவாய்க்குக் கீழிருக்கும் நிழலைத் தூக்கிவிடும். இதற்கெனக் கடையில் விற்கும் வெள்ளிப் பலகையை வாங்கச் சொல்லி உங்களில் ஒருவர் எனக்கு இணைப்பு அனுப்பியிருந்தார். பீரோவில் வேட்டி இருக்கும்போது எதற்கு?

மேடைக்குப் பின்னால் நிமாய் கட்டியிருந்த ஓடும் விளக்குகள்தாம் உண்மையான அபாயம். தாமரை விரிவதுபோலவும் மயில் ஆடுவதுபோலவும் மாறி மாறி எரிபவை. மூர்த்தியை நடைபாதையில் வீழ்த்தியவை இவற்றின் உடன்பிறப்புகளே. நிமாயை அழைத்து, நாளைக் காலை இவை எரியக் கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். அவர் தலையசைத்தார். நான் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

இங்கே சிறிது நின்று படியுங்கள். காப்பகத்தில் பிரிவின் தலைவரிடம் ஒன்றைச் சொன்னால் அது கடைசி மேசைவரை போய்ச் சேரும். அந்த நம்பிக்கையில் நிமாயிடம் சொன்னேன். காரணத்தை நான் சொல்லவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன். பிளக்கை உருவி என் பையில் போட்டுக்கொள்ள முப்பது விநாடி ஆகியிருக்காது.

விடிந்தபோது பனிமூட்டம். எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. ஜன்னல்களிலிருந்து வந்தது வெளிச்சம் என்று சொல்வதே மிகை. கேமராவின் உணர்திறனை ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றினால்தான் படம் விழும் என்ற நிலை. காப்பகத்தில் நானூறைத் தாண்டினாலே விளக்கம் எழுதித் தர வேண்டும். அந்தக் கேமராவில் ஆறாயிரம் என்றால், முகத்தில் ரவையைத் தூவியதுபோல் இருக்கும். நான் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் போவதில்லை என்று பிடிவாதமாக நின்றேன்.

கார்த்திக் மெல்லச் சொன்னார். “சார், புள்ளி புள்ளியா இருந்தா, இருந்துட்டுப் போகுது. ஆடிப்போச்சுன்னா திரும்பத் தாலி கட்டச் சொல்வீங்களா?”

ஆறாயிரத்து நானூறு வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். புள்ளிகளை மன்னிக்கலாம், ஆட்டத்தை மன்னிக்க வழியில்லை.

அடுத்து, விருந்தினர்களின் கைபேசிகள். இருநூறு பேர், இருநூறு கைபேசி, ஒவ்வொன்றிலும் தானாகவே மின்னும் ஃபிளாஷ். வாசலில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட வேண்டும் என்றேன். பெண்ணின் தாயார் சிரித்துவிட்டார். “சம்பந்தி ஆத்துக்காராகிட்ட போனைப் பிடுங்கினா, கல்யாணம் நடக்குமா சார்?” என்று கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்தார். பெரிய மெரூன் பொட்டுகள். அத்தைகள் நான்கு பேர் வரிசை வரிசையாகப் போய், காரணத்தைச் சொல்லி, ஒவ்வொரு கைபேசியின் முதுகிலும் ஃபிளாஷ் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தார்கள். வங்காளிப் பெண்கள் தங்கள் பங்குக்குச் சிவப்புப் பொட்டுகளைக் கொடுத்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மந்திரம் சொல்லும் வாத்தியாரிடமும் ஓர் அறிவிப்புச் செய்யக் கோரினேன். ஒலிபெருக்கியில் அவர், “ஃபிளாஷ் அடிக்கறவாளுக்குப் பந்தியில பாயசம் கிடையாது,” என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே உடைந்த வங்காளத்திலும் சொன்னார். பாயசம் என்ற சொல் எல்லோருக்கும் புரிந்தது.

கார்த்திக்கின் கேமராவில் ஃபிளாஷ் உடம்போடு சேர்ந்தே இருந்தது. அதை மணமகள் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னேன். ஆக, தாலி கட்டும் நேரத்துக்கு மண்டபத்தில் ஒரே கேமரா, அது என்னுடையது. கார்த்திக் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்ததை நான் பார்க்காதவன்போல் இருந்துவிட்டேன்.

ஈசானிய மூலையில் ஒரு ஸ்டூல் மேல் நான். மூர்த்தி மனைப்பலகையில் அமர்ந்தார். நித்யா அவர் மடியில் அமர்ந்தாள். நம் வழக்கப்படி நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா மௌமிதாவுக்கு இது புதிது. பின்னால்தான் நிற்க வேண்டும், நகரவே கூடாது என்று நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன். கெட்டிமேளம் எழுந்தது. மாப்பிள்ளை குனிந்தார். அதே நொடியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நம் குலவையைப் போல நாவைச் சுழற்றி உலு ஒலி எழுப்பினார்கள்.

மேடைக்குப் பின்னால் தாமரை விரிந்தது.

நிமாயின் ஆள் ஒருவர் பல ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் விளக்குப் போடுபவர். உலு கேட்டால் எல்லா விளக்கையும் போடு என்பது அவர் தொழில் மரபு. எரியக் கூடாது என்று நிமாய் சொல்லியும் இருக்கிறார். தாலி கட்டும் நேரம் வரைக்கும்தான் என்று இவர் புரிந்துகொண்டிருக்கிறார். மங்கல நேரத்தில் மேடை மங்கிக் கிடக்கலாமா என்று நல்லெண்ணத்தோடு சுவிட்சைத் தட்டிவிட்டார். மயில் ஒரு முறை ஆடியது. அதன் நிறங்கள் எதிரே தொங்கிய கண்ணாடிச் சரங்களில் பட்டு, மூர்த்தியின் முகத்தில் விட்டுவிட்டு அடித்தன.

நான் கண்ணிலிருந்து கேமராவை எடுத்தேன். மூர்த்தியின் வாய் கோணத் தொடங்கியதாக எனக்குத் தோன்றியது. கத்தினால் மேளத்தில் கேட்காது. நிமாய் எங்கே என்று தெரியாது. சுவிட்ச் எது என்றும் தெரியாது. ஆனால் மேடைக்கு இடப்புறம் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் பலகை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அறுபத்தேழு வயதில் எப்படி இறங்கினேன் என்பது என் முழங்காலுக்குத்தான் தெரியும். கேமராவைக் கார்த்திக்கின் கையில் திணித்து, “நீ எடு,” என்றேன். நான்கு அடி ஓடி, பலகைக்கு வந்த தடித்த பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

ஓடும் விளக்குகள் மட்டுமல்ல, மேடையில் இருந்த எல்லா விளக்குகளும் அணைந்தன. ஜன்னல் பனியும் ஓமத்தின் தணலும்தான் மிச்சம். உலு ஒலி பாதியில் நின்றுவிட்டது. மேளக்காரர்கள் மட்டும் நிறுத்தவில்லை.

நான் திரும்பியபோது கண்டது இது. விளக்கு ஓடத் தொடங்கிய முதல் நொடியிலேயே நித்யா வலக்கையைப் பின்னால் வளைத்து அப்பாவின் இரண்டு கண்களையும் மூடியிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை, மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. மௌமிதா, பின்னால் நிற்க வேண்டும் என்று நான் இரண்டு முறை சொன்ன மௌமிதா, விளக்கை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் முன்னே வந்து, இருவர் முகத்துக்கும் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் நகர்ந்தாய் என்று பிறகு கேட்டேன். புது மணப்பெண்ணின் முகத்தில் இருட்டு விழலாமா என்று என்னையே கேட்டாள்.

மூர்த்திக்கு என்ன ஆயிற்று என்று டாக்டரான அவர் மைத்துனர் ஓடிப்போய்ப் பார்த்தார். நித்யா கையை எடுத்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, என்ன பண்றது? தலை சுத்தறதா?”

“ஒண்ணுமில்லைடி. அழறேன். அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே.”

நித்யாவின் கை அப்பாவின் கண்களை மூடியிருந்த படத்தைத்தான் குழுவில் போட்டு, ஆளுக்கொரு கதை எழுதினீர்கள். குழுவிலிருந்து அது தமிழ்ச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து என் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, “என்ன சார், கடைசியில ஃபிளாஷ் அடிச்சுட்டீங்களாமே,” என்று கேட்டார். முப்பத்தொரு ஆண்டு வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆகவே, ஒரு முறை எழுதுகிறேன்; இதற்கு மேல் இதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

அன்று அந்த மண்டபத்தில் ஒரு ஃபிளாஷும் அடிக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்தவர்கள் கண்டது அலங்கார விளக்கு. அதை எரியவிட்ட தவறு, பிளக்கை முதல் நாளே உருவாத என்னுடையது; நிமாயின் ஆளுடையது அல்ல. மூர்த்திக்கு வலிப்பு வரவில்லை. படத்தில் அவர் தோள் கலங்கித் தெரிவது, ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் அழுகிற மனிதரின் தோள் அப்படித்தான் விழும் என்பதால். பெண்ணின் கையை அப்படி வைக்கச் சொன்னதும், விளக்கை முன்னே கொண்டுவரச் சொன்னதும் நான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நான் சொல்லவில்லை. இரண்டாவதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தேன்.

படத்தின் கீழே என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். எடுத்தவர் கார்த்திக். அந்த நேரத்தில் என் கையில் கேமரா இல்லை, பிளக் இருந்தது.